பிளக்கைக் கழட்டிப் பார்த்த காலம்: மண்ணெண்ணெய்க் கார்களின் வரலாறு

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இது எங்கட வீடுகளில எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அப்பாமார், மாமாமார் கூடினால் ஒருக்காவாவது இந்தக் கதை வரும். ஒஸ்ரின் கார் புகை கக்கிக்கொண்டு போன கதை, சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்துக்கொண்டு திரிந்த கதை, கலியாண வீட்டுக்குப் போன கார் பாதி வழியில் நின்ற கதை. சிரிப்போடு தொடங்கி, "அந்தக் காலம் திரும்பி வரக்கூடாது" என்று முடியும்.

ஆனால் ஒரு கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எப்படி ஓடினது? அதை ஓட வைத்த ஆக்கள் என்ன செய்தார்கள், அவர்களுக்கு அந்த அறிவு எங்கேயிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் விரல் அளவுக் கருவி ஒன்றில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அதுதான் பிளக், ஸ்பார்க் பிளக்.

இந்தக் கட்டுரை அந்தப் பிளக்கைப் பற்றியது. அதோடு, கருவிகளையும் கைத்தொழிலையும் விட்டுவிட்டு எழுதப்படுகிற எங்கட வரலாற்றைப் பற்றியதும்தான்.

ஒரு பொறியின் கதை

பெற்றோல் எஞ்சினுக்குள் நடப்பது சுருக்கமாக இதுதான். காற்றும் எரிபொருள் ஆவியும் கலந்து சிலிண்டருக்குள் வருகிறது. பிஸ்ரன் அதை அமுக்குகிறது. சரியான நேரத்தில் ஒரு மின்பொறி பாய்ந்து கலவையைக் கொளுத்துகிறது. எரிந்து விரியும் வாயு பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது. அந்தப் பொறியைப் பாய்ச்சுவது பிளக்கின் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தரம் சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் 1500 தரம் பொறி தரவேண்டும். அதாவது செக்கனுக்கு 25 தரம்.

1860 இல் பாரிசில் எத்தியென் லெனோவா செய்த வாயு எஞ்சினிலேயே மின்பொறி இருந்தது. 1886 இல் கார்ல் பென்ஸ் உரிமம் பெற்ற மோட்டார் வண்டியிலும் பற்றரியும் கொயிலும் வைத்த மின்பொறிதான். 1888 இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரம், அந்த வண்டியை ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் முடிந்தபோது வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக் கடையில் லிக்ரொயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார் என்றும், மின்கம்பி உரசியபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. உலகத்தின் முதலாவது நெடுந்தூரக் கார்ப் பயணமே, கிடைச்ச எரிபொருளை ஊற்றி, கையில் இருந்ததை வைத்துச் சமாளித்த பயணம்தான்.

ஆனால் அந்தக் காலத்துப் பொறி நம்ப முடியாதது. அதை நம்பக்கூடியதாக்கினது ஸ்ருட்காட்டில் ரொபேர்ட் பொஷ்ஷின் தொழிலகத்தில் வேலை செய்த கொட்லொப் ஹொனோல்ட் என்ற பொறியியலாளர். 1902 இல் அவர் செய்த உயர் அழுத்த மக்னீற்றோவும் அதோடு சேர்ந்த பிளக்கும் வந்தபிறகுதான் வேகமாகச் சுற்றும் எஞ்சின்கள் சாத்தியமாயின.

அதற்குப் பிறகு பிளக்கின் கதையின் பெரும்பகுதி பீங்கானின் கதை. பல ஆயிரம் வோல்ற் மின்சாரம் நடுக்கம்பி வழியாக வந்து, நுனியிலுள்ள சின்ன இடைவெளியைப் பாய்ந்து கடக்க வேண்டும். அதற்கு முதல் பக்கவாட்டால் ஒழுகிப் போகாமல் காப்பது அந்த வெள்ளைப் பீங்கான். இன்று எங்கட கடைகளில் அதிகம் கேட்கிற என்.ஜி.கே. என்ற பெயரே ஜப்பானின் மின்காப்புப் பீங்கான் செய்கிற கம்பனி ஒன்றின் பெயர்ச் சுருக்கம். அவர்கள் பிளக் செய்ய நகோயாவில் தனிக் கம்பனி தொடங்கியது 1936 இல்.

பீங்கானை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ. எங்கட கதை அதில்தான் நிற்கப்போகுது.

ஏன் பழைய கார்கள்?

மண்ணெண்ணெயில் ஓடின கார்கள் எவை என்று கேட்டால் எல்லாரும் ஒரே பெயர்களைத்தான் சொல்லுவார்கள். ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்பேர்ட், ஏ 55, ஏ 60 கேம்பிரிட்ஜ். "அந்தக் கார்கள் இரும்பு, அதால தாங்கிச்சு" என்பதுதான் வழக்கமான விளக்கம். உண்மையான காரணம் இன்னும் சுவாரசியமானது.

இரண்டாம் உலகப் போரிலும் அதற்குப் பிறகும் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது. கம்பனிப் பெயர்கள் இல்லாமல் 'பூல்' பெற்றோல் என்ற ஒரே வகைதான் விற்கப்பட்டது. அதன் ஒக்டேன் அளவு 70 ஐ அண்டியது, இன்று நாங்கள் அடிக்கிற 92 எங்கே, அது எங்கே. 1953 வரை இதுதான் நிலைமை. அந்தக் காலத்துக் கார் எஞ்சின்களை அந்தத் தரக்குறைந்த பெற்றோலுக்கு ஏற்றபடி வடிவமைத்தார்கள். சிலிண்டருக்குள் கலவையை அதிகம் அமுக்காமல், ஏறத்தாழ 7 க்கு 1 என்ற விகிதத்தோடு விட்டார்கள்.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு அதையும்விட மிகக் குறைவு. அதிகம் அமுக்கினால், பொறி வருவதற்கு முன்னமோ பின்னமோ, கண்ட கண்ட இடத்தில் தானாக வெடிக்கும். எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிக்கிறமாதிரிச் சத்தம் கேட்கும். தொடர்ந்தால் பிஸ்ரன் ஓட்டையாகும். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு வந்த புதிய ஜப்பான் கார்களின் அமுக்க விகிதம் கூட. அவைக்கு மண்ணெண்ணெய் ஒத்துவராது. ஒஸ்ரினுக்கும் மொறிசுக்கும் ஓரளவு ஒத்துவந்தது.

அப்படியென்றால், பிரித்தானியாவின் போர்க்காலத் தட்டுப்பாட்டுக்காக வடிவமைத்த எஞ்சின்தான் நாற்பது வருஷம் கழித்து யாழ்ப்பாணத்தின் போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஓடியிருக்கிறது. 1960 களிலும் 70 களிலும் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபடியால்தான் அந்தப் பழைய கார்கள் குப்பைக்குப் போகாமல் மிஞ்சின. ஒரு தட்டுப்பாடு செய்த வண்டியை இன்னொரு தட்டுப்பாடு காப்பாற்றி, மூன்றாவது தட்டுப்பாட்டிடம் கையளித்தது.

அறிவு எங்கேயிருந்து வந்தது?

மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டுவது தொண்ணூறுகளில் பிறந்த புதுமை இல்லை. 1917 இல் வந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரமே பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற எஞ்சின்தான். 1949 இல் ஃபேர்கியூசன் தன் சின்ன உழவு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் வடிவம் ஒன்றையே தனியாக வெளியிட்டது.

எங்கட ஊரிலும் அது தெரிந்த விஷயம்தான். துலாவும் சூத்திரமும் போய், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் தண்ணி இறைக்க மெசின் வந்தபோது, அதுவும் பெற்றோலில் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற மெசின்தான். குடாநாட்டுத் தோட்டங்களில் அவை ஆயிரக்கணக்கில் இருந்தன. கடற்கரையில் வள்ளங்களுக்குப் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின்களிலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை இருந்தன. ஆக, போருக்கு முதலே தோட்டக்காரருக்கும் கடற்தொழிலாளருக்கும் மண்ணெண்ணெய் எஞ்சினின் குணம் தெரியும். எப்ப மாற்ற வேணும், எப்ப பிளக்கைக் கழட்ட வேணும், எந்தச் சத்தம் கேட்டால் பயப்பட வேணும் என்றெல்லாம் தெரியும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மண்ணெண்ணெய்க் கார்க் கதையை நாங்கள் 'யாழ்ப்பாணத்தானின் மூளை' என்று பொதுவாகப் பெருமையடிக்கிறோம். அந்த மூளை எல்லாருடையதும் இல்லை. அது தோட்டத்திலும் கடற்கரையிலும் கராச்சிலும் எண்ணெய் படிந்த கைகளில் இருந்த அறிவு. சமாதான காலத்தில் கார்க்காரர் அந்தக் கைகளை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

பிளக் சொல்லும் சேதி

மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் ஆவியாவதில். பெற்றோலின் இலகுவான பகுதிகள் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 150 பாகை வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாது, துளியாகவே போய்ப் பிளக்கை நனைக்கும். அதற்குத்தான் அந்தச் சின்னப் போத்தல். காபரேற்றரின் வாய்க்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எடுப்பார்கள். பற்றரியும் தடைசெய்த பொருள். இருந்த பற்றரிகள் கிழடு. ஆகவே முன்பக்கத்து ஹான்டிலைச் சுற்றவேணும், இல்லாட்டி நாலு பேர் தள்ளவேணும். எஞ்சின் பிடித்துச் சூடேறினால் மண்ணெண்ணெய் வேலை செய்யும்.

சூடேறின பிறகும் அது முழுதாக எரியாது. மிஞ்சுகிற கரி பிளக்கின் பீங்கானில் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். இப்போது மின்சாரத்துக்கு இடைவெளியைப் பாயவேண்டிய தேவையே இல்லை. கரி வழியாக நைசாக இறங்கிப் பூமிக்குப் போய்விடும். பொறி வராது. பிளக்கின் நுனி ஏறத்தாழ 450, 500 பாகைக்கு மேல் சூடாக இருந்தால் படியும் கரி தானாக எரிந்து போகும். கிடங்கும் சோதனைச்சாவடியும் நிறைந்த ரோட்டில் ஊர்ந்து போகிற கார் அந்தச் சூட்டை எட்டாது. ஆகவே பிளக்கைக் கழட்டித் துடைப்பது அன்றாட வேலையாயிற்று.

துடைக்க முதல் எந்தப் பிளக் பிழை என்று தெரியவேணும். அதற்குப் பழைய மெக்கானிக்மாரிடம் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது காது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, மரப்பிடி போட்ட ஸ்குரூட்றைவரால் பிளக்கின் தலையையும் எஞ்சின் உடலையும் தொடுப்பார்கள். பொறிக்குப் போகவேண்டிய மின்சாரம் எஞ்சின் உடலுக்குள் போய்விடும். அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தால் எஞ்சினின் சத்தம் தளரும். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்துப்போனது. நல்லதைத் தொட்டால் எஞ்சின் தடுமாறும், கெட்டதைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. தர்க்கம் தலைகீழாக இருந்தாலும் பிழைக்காது.

இரண்டாவது கண். கழட்டின பிளக்கை மீண்டும் வயரில் செருகி, அதன் இரும்பு உடலை எஞ்சினில் படவைத்து ஹான்டிலைச் சுற்றுவார்கள். நீலநிறத்தில் 'டிக் டிக்' என்று அடித்தால் நல்லது. மஞ்சளாக, சிவப்பாக, நூல்மாதிரி வந்தால் பலவீனம். ஒன்றுமே இல்லையென்றால் பிளக்கை மாற்றிப் பார்த்து, வயர், கொயில், பொயின்ற் என்று பின்னோக்கித் தேட வேண்டும்.

மூன்றாவது வாசிப்பு. பிளக்கின் நுனியைப் பார்த்து எஞ்சினுக்குள் நடப்பதைச் சொல்லுவது. பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கு. காய்ந்த கரி என்றால் எரிபொருள் கூட, அல்லது எரிவது போதாது. நனைந்து மண்ணெண்ணெய் மணத்தால் எரியவேயில்லை. எண்ணெய்ப் பசையோடு கறுப்பாக இருந்தால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்து எஞ்சின் ஒயில் மேலேறுகிறது. வெள்ளையாகிக் கொப்புளம் போட்டிருந்தால் உள்ளே அளவுக்கு மீறின சூடு.

மண்ணெண்ணெய்க் கார்களில் எண்ணெய்க் கறுப்பு ஒரு கெட்ட சகுனம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே போய், எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும். வளையங்கள் தேயும். அதால ஒயில் மேலேறிப் பிளக்கை நனைக்கும். பிளக்கைத் துடைத்தால் வருத்தத்தின் அறிகுறிதான் போகும், வருத்தம் போகாது.

துடைத்த பிறகு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பிரித்தானியக் கார்களுக்கு 0.6 மில்லிமீற்றர் அளவு தேவை. அளவுகோல் இல்லாத இடத்தில் ஆக்சோ பிளேட் உதவும். அதன் தடிப்பும் ஏறத்தாழ அதேதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெளியில் வைத்துப் பார்க்கும்போது நன்றாகப் பொறி அடிக்கிற பிளக், உள்ளே போனதும் அடிக்காமல் விடலாம். சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்பட்டிருக்கும். அமுங்கிய காற்றைப் பாய்ந்து கடக்க மின்சாரத்துக்குப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். வெளியில் இல்லாத நெருக்குவாரம் உள்ளே இருக்கிறது. அதனால்தான் வசதியுள்ள கராச்சுகளில் பிளக்கை அமுக்கிய காற்றுக்குள் வைத்துச் சோதிக்கிற பெட்டி ஒன்று இருக்கும். அது இல்லாதவர்கள் பிளக்கைப் பூட்டி, ஓட்டி, திரும்பக் கழட்டித்தான் பார்க்க வேண்டும்.

பெருமைக்கும் உண்மைக்கும் நடுவில்

இவ்வளவையும் வாசிக்கிற உங்களுக்கு ஒரு பெருமிதம் வந்திருக்கும். எனக்கும் எழுதும்போது வந்தது. அந்தப் பெருமிதத்தை ஒருக்கா நிறுத்திப் பார்க்கவேணும் என்று நினைக்கிறேன். இந்தக் கதையை நாங்கள் வெளியில் வைத்து, நெருக்குவாரம் இல்லாத காற்றில்தான் சோதித்துப் பார்க்கிறோம்.

கார் மண்ணெண்ணெயில் ஓடியது ஏனென்றால் அரசு பெற்றோலையும் டீசலையும் பற்றரியையும் சீமெந்தையும் உரத்தையும் இலட்சக்கணக்கான பொதுமக்களுக்குத் தடைசெய்தது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் தாராளமாக வரவில்லை. காரின் தாங்கிக்குள் போன ஒவ்வொரு லீற்றரும் ஒரு வீட்டின் விளக்குக்கும் அடுப்புக்கும் போகாத லீற்றர். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்து, அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்த பிள்ளைகளின் கதையும் இதே எரிபொருளின் கதைதான். வாந்திபேதியோ பிரசவமோ என்று இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வந்தால், நாலு பிளக்கும் காய்ந்திருக்கிறதா என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி. 'சமாளித்தோம்' என்ற சொல்லுக்குள் சமாளிக்க முடியாமல் போனவர்கள் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நகரத்தின் இரும்புக் கடைகளிலும் லொறித் தொழிலிலும் முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். கருவியையும் உதிரிப்பாகத்தையும் அறிந்த கைகளில் ஒரு பகுதி அன்றைக்கு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டது. 'இருக்கிறதை வைத்து வாழ்ந்தோம்' என்று சொல்லுகிறபோது, இருந்தவர்களில் யாரை இல்லாமல் செய்துவிட்டு வாழ்ந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். உள்ளே வந்த கொஞ்ச எரிபொருளும் எல்லாருக்கும் ஒரேமாதிரிக் கிடைக்கவில்லை. ஆயுதம் வைத்திருந்தவருக்கும் காசு வைத்திருந்தவருக்கும் கிடைத்தது வேறு, மற்றவர்களுக்குக் கிடைத்தது வேறு.

2022 இல் முழு இலங்கையும் எரிபொருள் வரிசையில் நின்றது. கியூ ஆர் பங்கீடு வந்தது. அந்த ஓகஸ்ற் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியபோது, கடற்தொழிலாளரின் வள்ளங்கள் கரையில் கிடந்தன. "எங்களுக்கு இது புதுசில்லை" என்று வடக்கில் பலர் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று நாடு வங்குரோத்தானதால் வந்த தட்டுப்பாடு. மற்றது ஒரு பகுதி மக்கள்மீது வேண்டுமென்றே போடப்பட்ட தடை. இரண்டையும் 'கஷ்ட காலம்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டால், முந்தியதுக்குப் பொறுப்பானவர்கள் தப்பிவிடுவார்கள்.

இன்னும் இருக்கிறவர்கள்

இன்றைய கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில். எந்தச் சிலிண்டர் பொறி தவறுகிறது என்று கணினியே எண்ணி வைத்திருக்கும். ஸ்கானரைச் செருகினால் 'பி 0301' என்று வந்தால் முதலாம் சிலிண்டர், 'பி 0302' என்றால் இரண்டாவது. பழையமாதிரி ஸ்குரூட்றைவரால் தொட்டுப் பார்க்கப் போனால் பொறியைக் கட்டுப்படுத்துகிற மின்னணுப் பகுதி பழுதாகலாம், கையிலும் அடிக்கும். செய்யாதேங்கோ. மின்சாரக் கார்களுக்குப் பிளக்கே இல்லை. ஆக, காதால் கேட்டுச் செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்கிற வித்தை எங்கட தலைமுறையோடு முடிந்துவிடும். அதில் புலம்ப ஒன்றுமில்லை. கருவி மாறினால் வித்தையும் மாறும்.

ஆனால் அந்த வித்தையை வைத்திருந்தவர்கள் சொல்லாமல் போவது வேறு விஷயம். தொண்ணூறுகளில் இருபது, முப்பது வயதில் கராச்சில் நின்றவர்களுக்கு இப்போது ஐம்பதும் அறுபதும் தாண்டிவிட்டது. போரைப் பற்றிப் போராளிகள் எழுதியிருக்கிறார்கள், அரசியல்வாதிகள் எழுதியிருக்கிறார்கள், புலம்பெயர்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மெக்கானிக்மாரிடம் யார் கேட்டது?

உங்கட ஊரில் அப்படி ஒருத்தர் கட்டாயம் இருப்பார். கதிரையைப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்து கேளுங்கோ. "அந்த நேரம் எப்பிடியண்ணை சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டால் எல்லாருக்கும் சொல்லுகிற பகிடிக் கதைதான் வரும். அதைவிட்டிட்டு, பிளக் எங்க வாங்கினனீங்கள், ஒரு பிளக்கை எத்தனை மாசம் ஓட்டினனீங்கள், இரவில கூப்பிட வந்த ஆக்களுக்குக் காரை எடுத்துக் குடுக்க முடியாமல் போன நாள் இருக்கோ என்று கேளுங்கோ. ஃபோனில் ஒலிப்பதிவு செய்து, திகதியும் இடமும் எழுதி வையுங்கோ. அவருடைய பெயரைப் போடலாமோ என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கோ.